தாலினில் ஒரு பகல் மட்டும், தனியாக: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கோகிலா_தஞ்சை:

எல்லோருக்கும் வணக்கம். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஃபின்லாந்தில் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை நாளில் தலை நிமிர நேரமில்லை. பேரன் டேகேருக்குப் போய்விடுகிறான். ஜன்னல் வழியே பிர்ச் மரத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? கடலுக்கு அந்தப் பக்கம் எஸ்தோனியாவின் தாலின் இருக்கிறது, கப்பலில் 2 மணி நேரம்தான் என்கிறார்கள். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று யோசனை.

வயது 61. தனியாகத்தான் போகிறேன். சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பேன், படி என்றால் இடது முழங்கால் மறுத்துவிடும். மீன் சாப்பிடுவேன், மாடு பன்றி கிடையாது.

அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாலினில் 1422-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலேயே பேர் வருகிற ஒரு மருந்துக்கடை அதே இடத்தில் இன்னும் நடக்கிறதாம். அதைப் பார்த்தே ஆக வேண்டும். மற்றதை நீங்கள் சொல்லுங்கள். இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா. சிக்கல் ஏதும் வருமா?

எஸ்போ_வாசு:

அம்மா, விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு நாடும் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இருப்பதால் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. சிங்கிள் என்ட்ரியாக இருந்தாலும் நீங்கள் வெளியே போனதாகக் கணக்கு வராது. ஆனால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், எப்போதாவது துறைமுகத்தில் நிறுத்திக் கேட்பார்கள். பணம் அங்கேயும் யூரோதான். கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

டாலிங்க், வைக்கிங் லைன், எக்கெரோ லைன் என்று மூன்று கம்பெனிக் கப்பல்கள் ஓடுகின்றன. எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பாது. டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்துவிட்டு டிராம் ஏறுங்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள், அதனால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டால் நிம்மதி.

வெள்ளி, சனி வேண்டாம். பீர் வாங்கப் போகிற கூட்டம் கப்பலை நிறைத்துவிடும், அங்கே விலை குறைவு. ஞாயிறு உங்கள் மருந்துக்கடை மூடியிருக்கும். திங்களன்று பல மியூசியங்கள் திறக்காது. ஆக, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள். காலை முதல் கப்பல்களில் ஒன்றைப் பிடியுங்கள்.

பால்டிக்_பாலா:

நான் தாலினில்தான் மாஸ்டர்ஸ் படித்தேன் ஆன்ட்டி. பழைய நகரம் சின்னதுதான், துறைமுகத்திலிருந்து நடந்தே 20 நிமிடத்தில் போய்விடலாம். எல்லோரும் வீரு வாசல் வழியாக நுழைவார்கள். நீங்கள் பருமனான மார்கரெட் என்ற குண்டுக் கோபுரத்தின் பக்கமாக வாருங்கள். அங்கே தொடங்குகிற பிக் தெரு நேராகப் பழைய ஊரின் நடுவுக்குக் கொண்டுவந்து விடும், இரண்டு பக்கமும் வணிகர்கள் காலத்து வீடுகள்.

முழங்காலுக்கு மூன்று விஷயம். ஒலெவிஸ்தே தேவாலயக் கோபுரத்தில் ஏறாதீர்கள். 200-க்கு மேல் படி, குறுகலான சுழல் படி, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. அதற்குப் பதில் நிகுலிஸ்தே. அது முன்னே தேவாலயம், இப்போது மியூசியம், கோபுரத்துக்கு லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். தூம்பேயா மேட்டுக்கு இரண்டு வழி உண்டு. லூஹிகே யால்க் பக்கம் படிக்கட்டு, பிக் யால்க் பக்கம் சாய்வான பாதை. சாய்வில் போங்கள். மூன்றாவது, செருப்பு வேண்டாம். ஊர் முழுக்க உருண்டைக் கல் பாவிய தெரு, ரப்பர் அடி கனமாக உள்ள ஷூ போடுங்கள்.

சாப்பாட்டுக்கு நகர மன்றச் சதுக்கத்தில் உட்காராதீர்கள், இடத்துக்குத்தான் காசு. ரயில் நிலையத்துக்குப் பின்னால் பால்ட்டி யாம் சந்தை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்குகிற இடம், அதற்குள்ளேயே சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

ஊர்சுற்றி77:

ஒரு பகலில் தாலினா? அநியாயம் மேடம். மகா பீட்டர் 1718-இல் கட்டத் தொடங்கிய கத்ரியோர்க் அரண்மனை, அதன் பக்கத்தில் கூமு ஓவிய மியூசியம், கடல் விமான ஹாங்கரில் 1936-இல் கட்டிய லெம்பித் நீர்மூழ்கி, வீரு ஹோட்டலின் 23-வது மாடியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி ஒட்டுக்கேட்ட அறை, சோவியத்துக்கு எதிராகப் பாட்டுப் பாடியே லட்சக்கணக்கில் கூடிய பாடல் விழா மைதானம். இதில் ஒன்றைக்கூட விடக் கூடாது. ஓர் இரவாவது தங்குங்கள்.

கோகிலா_தஞ்சை:

தம்பி ஊர்சுற்றி, உங்கள் பட்டியலைப் படித்ததிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. அதெல்லாம் என் பேரன் வளர்ந்து பார்க்கட்டும். பாலா சொன்ன வழியே போகிறேன். போய் வந்து எழுதுகிறேன்.

கோகிலா_தஞ்சை:

போய் வந்தேன். கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலைக் கப்பல், பேர் மெகாஸ்டார். சூப்பர்ஸ்டார் இல்லையா என்று மருமகனைக் கேட்டேன். முன்பு அந்தப் பேரிலும் ஒன்று இதே கடலில் ஓடியதாம், விற்றுவிட்டார்களாம். உள்ளே கடை, ஹோட்டல், குழந்தைகள் விளையாட இடம் என்று ஒரு ஷாப்பிங் மாலே மிதக்கிறது. வாசு சொன்ன கூட்டம் புதன்கிழமையும் இருந்தது. என் வயதுள்ள ஃபின்லாந்துக்காரர்கள் மடக்கிய தள்ளுவண்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது அதே வண்டிகளில் பீர்ப் பெட்டி தோள் உயரத்துக்கு அடுக்கி, ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முகத்தில் அப்போதும் மாற்றம் இல்லை.

கடைசி அரை மணி நேரம் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். காற்று காதை அறுக்கும், குல்லா அவசியம். ஒலெவிஸ்தேயின் ஊசிக் கோபுரம்தான் முதலில் தெரிகிறது, 124 மீட்டர் உயரம். அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற கோபுரங்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், வலது பக்கம் மேட்டின் மேல் ரஷ்யக் கோயிலின் குவிமாடங்கள்.

பிக் தெருவில் நின்று நின்று போனேன். பழைய வணிகர் வீடுகளில் கூரை முக்கோணத்துக்குக் கீழே ஓர் உத்திரம் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் கப்பி மாட்டி, உப்பு, தானியம், துணி மூட்டைகளை மேல்மாடிக்கு இழுத்திருக்கிறார்கள். வீட்டின் நல்ல மாடிகள் எல்லாம் சரக்குக்கு, மனிதர்கள் கீழே நெருக்கிக்கொண்டு. ஹன்சா வணிகர் கூட்டமைப்பின் ஊர் என்று புத்தகத்தில் படிப்பதைவிட அந்த உத்திரத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடுகிறது.

சரி, மருந்துக்கடை. நகர மன்றச் சதுக்கத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. வாசலில் கூட்டமெல்லாம் இல்லை. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் நிஜமான மருந்துக் கவுன்ட்டர், பாரசிட்டமால், இருமல் சிரப், வைட்டமின். இன்னொரு பக்கம் பழைய பொருள்களின் காட்சி. பித்தளைத் தராசு, கல்வம், லத்தீனில் பேர் எழுதிய ஜாடிகள். அந்தக் காலத்தில் இங்கே எரித்த தேனீ, முள்ளெலிப் பொடி, வௌவால் பொடி எல்லாம் விற்றார்களாம். பக்கத்தில் நின்ற சுற்றுலாப் பயணிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்துச்சிப்பியைப் புடம் போட்டுப் பற்பமாகக் கொடுக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான். எதை எரித்தார்கள் என்பதைவிட எவ்வளவு கொடுத்தார்கள், எதில் குழைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அதைச் சொல்லும் சீட்டு அங்கே இல்லை, அது ஒரு குறை.

புர்ஹார்ட் என்ற ஒரே குடும்பம் 300 ஆண்டுக்கு மேல் இந்தக் கடையை நடத்தியிருக்கிறது. 10 தலைமுறை, தலைமகனுக்கெல்லாம் யோஹான் என்றே பேர். அவர்களில் எட்டாவது யோஹான் 1802-இல் பழம்பொருள் சேர்க்க ஆரம்பித்துச் சொந்தமாக ஒரு மியூசியமே வைத்தவர். பாதாம் பருப்பும் சர்க்கரையும் அரைத்துச் செய்கிற மர்சிபான் இந்தக் கடையில் மருந்தாகத்தான் விலை போனதாம். நல்ல ஐடியா. வாயுத் தொல்லைக்கு நாங்கள் கொடுக்கிற கார்மினேடிவ் மிக்சரையும் அப்படிச் செய்திருந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது காட்சிப் பொருள்களின் முன்னால் இல்லை, இந்தப் பக்கத்துக் கவுன்ட்டரில். ஒரு வயதான அம்மா வந்தார். கையில் சீட்டு இல்லை. அடையாள அட்டையை மட்டும் நீட்டினார். உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள், பேச்சே இரண்டு வாக்கியம்தான். இந்த நாட்டில் 2010-இலிருந்து மருந்துச் சீட்டு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, டாக்டர் எழுதுவது நேராகக் கடைத் திரையில் வருகிறது. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தே கண்ணாடி நம்பர் ஏறியவள் நான். 'டெய்லியா, டிடிஎஸ்ஸா', அதாவது ஒரு வேளையா மூன்று வேளையா என்று வார்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். 1422-லிருந்து இருக்கிற கடையில் அந்தத் தொல்லை இல்லை என்று பார்த்ததும் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நானும் பார்மசிஸ்ட் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தலையசைத்தாள், அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே பெரிய உபசாரம் என்று மகள் சொன்னாள்.

அடுத்து நிகுலிஸ்தே. 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் எரிந்து, திரும்பக் கட்டியது. லிஃப்ட் உண்மைதான், கண்ணாடி லிஃப்ட், மேலே நின்றால் சதுக்கமும் தூம்பேயாவும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. லூபெக் நகரத்து ஓவியர் பெர்ன்ட் நோட்கே 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த 'மரண நடனம்'. முழு ஓவியம் கிடைக்கவில்லை, மிஞ்சிய துண்டே ஏழு மீட்டருக்கு மேல் நீளம். போப், பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் எலும்புக்கூடு கையைப் பிடித்து ஆடிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் ஒன்று உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது. ஆடுகிறவை எலும்புக்கூடுகள்தான். மனிதர்கள் ஒருவர்கூட ஆடவில்லை, பட்டு அங்கியோடு விறைத்து நிற்கிறார்கள். பேரரசியின் முகத்தைப் பாருங்கள், ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வந்த முகம்.

தூம்பேயா மேட்டுக்குப் பிக் யால்க் சாய்வில்தான் ஏறினேன், முழங்கால் புகார் சொல்லவில்லை. 1900-இல் கட்டி முடித்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி கோயிலுக்கு நேர் எதிரே ரோஸ் நிறத்தில் எஸ்தோனிய நாடாளுமன்றம். கோஹ்துஓட்சா என்ற இடத்தில் ஊரைப் பார்க்கிற மேடை இருக்கிறது, அழகுதான், ஆனால் செல்ஃபிக் கூட்டம் கைப்பிடிச் சுவர் பக்கம் விடவில்லை.

சந்தையில் கறுப்பு ரை ரொட்டியின் மேல் கிலு மீன் வைத்துத் தந்தார்கள். நெத்திலியைவிடக் கொஞ்சம் பெரிய மீன், மசாலா உப்பில் ஊறியது, மேலே அவித்த முட்டையில் பாதி. புளிப்பும் உப்பும் சேர்ந்து நன்றாகவே இருந்தது. ஒரு பச்சை மிளகாய் இருந்திருந்தால் இன்னொன்று வாங்கியிருப்பேன். சதுக்கத்துப் பக்கம் ஓர் உணவகத்தில் வெறும் டீக்குப் போட்ட பில்லைப் பற்றி எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன். பாலா சொன்னது சரி.

கத்தரீனா சந்துப் பக்கம் மதில் ஓரமாகக் கம்பளி ஸ்வெட்டர் விற்கிற பெண்களைப் பார்த்துவிட்டு, மாலைக் கப்பலுக்கு நிதானமாக நடந்தேன். தனியாக நடக்கப் பயம் எதுவும் தோன்றவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் வந்து எதையும் விற்கவில்லை.

ஹேமா_வண்டா:

கோகிலாம்மா, நல்ல பதிவு. எனக்கு இரண்டு வயதுக் குழந்தை. ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு இதே மாதிரி போய்வர முடியுமா? கப்பலில் சுடுதண்ணீர் கிடைக்குமா?

கோகிலா_தஞ்சை:

கப்பலில் கவலையே இல்லைம்மா. லிஃப்ட் இருக்கிறது, விளையாட இடம் இருக்கிறது, காப்பிக் கடையில் கேட்டால் சுடுதண்ணீர் தருவார்கள். பழைய நகரத்தில்தான் பாடு. அந்தக் கல்லில் சின்னச் சக்கரம் வைத்த வண்டி குதிக்கும், குழந்தை தூங்காது. காற்றடிக்கிற பெரிய சக்கர வண்டி இருந்தால் கொண்டு போங்கள், இல்லையென்றால் துணியில் கட்டித் தூக்கிக்கொள்ளுங்கள். தூம்பேயாவை விட்டுவிட்டு டிராமில் கத்ரியோர்க் பூங்காவுக்குப் போய்விடுங்கள், அங்கே பாதை சமமாக இருக்கும் என்று கப்பலில் ஓர் அம்மா சொன்னார். வேர்க்கடலை எடுத்துப் போங்கள், உப்புப் போடாதது. அணில்கள் கைக்கே வருமாம்.