றாக்கையின் கால் அமுங்கிவிட்டது, தகடு வைத்து ஒட்டினால் காணுமா?

கோண்டாவில் கடைக்காரன்:

வணக்கம். எங்களுக்கு மொத்த வியாபாரம், மா, சீனி, பருப்பு, சோடா வகைகள். ஸ்டோரில் நிற்பவை கொழும்பில் ஒரு இடத்தில் கழித்து விற்ற பலட் றாக்கைகள், அதாவது சாமான் அடுக்கின தட்டுகளை (பலட்) போர்க்லிப்டால் ஏற்றி வைக்கிற இரும்புச் சட்டங்கள். நிலத்தில் ஒரு வரிசை பலட், அதற்கு மேல் 3 மட்டம் பீம் (காலுக்குக் கால் நீளவாக்கில் மாட்டி, பலட்டைத் தாங்குகிற சட்டம்). போன கிழமை போர்க்லிப்ட் திரும்பும்போது நடுவில் ஒரு முன்காலில் இடித்துவிட்டது. முழங்கால் உயரத்தில் உள்ளுக்கு அமுங்கியிருக்கிறது, தூரத்தில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. அப்பா "ஒட்டுகிற பொடியனைக் கூப்பிட்டு ஒரு தகடு வைத்து வெல்டிங் அடி, காணும்" என்கிறார், வேலை செய்கிற பொடியளும் இவ்வளவு நாளும் நிற்கிறதுதானே என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த றாக்கைகளை இத்தனை நாளுக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று ஏதாவது முறை இருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் யாரிடம் காட்டுவது? மேலே சாமான் நிறைய நிற்கிறது.

பனிநாட்டுத் தமிழன்:

தம்பி, முறை எல்லாம் பிறகு, முதலில் சாமானை இறக்குங்கள். அந்தக் காலுக்கு இரண்டு பக்கத்திலும் உள்ளதை இறக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கத்துப் பீமும் அதில்தான் தொங்குகிறது. மேல் மட்டத்திலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள், பக்கத்தில் ஒருவரையும் நடமாட விடாதீர்கள்.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். மா மூட்டை 50 கிலோ, பலட்டுக்கு 20 மூட்டை வைத்தால் 1 தொன். மட்டத்துக்கு 2 பலட், 3 மட்டம், ஆகக் காலின் ஒரு பக்கத்தில் மட்டும் 6 தொன். நடுவில் நிற்கிற கால் என்றபடியால் இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி ஏறுகிறது, அதை முன்காலும் பின்காலும் பகிர்ந்தாலும் நீங்கள் சொல்கிற அந்த ஒற்றைக் காலில் 3 தொன் நிற்கிறது. அது கட்டி இரும்பு இல்லை, மெல்லிய தகட்டை மடித்து எடுத்தது. வெறும் சோடா ரின்னுக்கு மேல் கவனமாக ஏறி நின்றால் அது தாங்கும், பக்கத்தில் ஒரு விரலால் தட்டினால் சப்பளிந்துவிடும். உங்கள் காலில் அந்தத் தட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது.

நான் இங்கிலாந்தில் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். இங்கே பின்பற்றுவது ஈ.என். 15635 என்ற ஐரோப்பியத் தரம். அதன்படி றாக்கைக்குப் பொறுப்பாக ஸ்டோருக்குள்ளேயே ஒருவர் பெயர் குறித்து இருக்க வேண்டும், அவர் கிழமைக்கு ஒருக்கால் சுற்றிப் பார்த்து எழுதி வைப்பார், வருடத்துக்கு ஒருக்காலாவது விஷயம் தெரிந்த ஒருவர் வந்து முழுதாகப் பார்ப்பார். இடித்த ஆள் உடனே சொல்ல வேண்டும், சொன்னதற்காக ஏச்சு விழக்கூடாது. ஏச்சு விழுகிற இடத்தில் ஒருவனும் சொல்ல மாட்டான்.

அளக்கிற விதம்: 1 மீற்றர் நீள நேர்ச்சட்டம் ஒன்றை, அமுங்கின இடம் நடுவில் வரும்படி காலோடு சேர்த்து வையுங்கள். பீம் ஓடுகிற திசையில் வளைவு என்றால் 5 மில்லிமீற்றர் வரை பரவாயில்லை. றாக்கையின் உள்பக்கமாக, அதாவது முன்பின் வாக்கில் என்றால் 3 தான். இரண்டு காலையும் இணைக்கிற குறுக்குப் பிரேஸுக்கு 10. இந்த எல்லையைத் தாண்டினால் மஞ்சள், இரண்டு மடங்கை எட்டினால் சிவப்பு. மஞ்சள் என்றால் இருக்கிற சாமான் இறங்கின பிறகு புதிதாக ஏற்றக்கூடாது, 4 கிழமைக்குள் திருத்தாவிட்டால் அதுவும் சிவப்புத்தான். சிவப்பு என்றால் அந்த நிமிடமே வெறுமையாக்க வேண்டும்.

பழைய பெரியகடை:

தம்பிமாரே, நாங்கள் பனஞ்சலாகையில் தட்டு அடித்து மூட்டை அடுக்கி நாற்பது வருடம் வியாபாரம் செய்தோம். ஒரு தட்டும் விழவில்லை. இந்தப் பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் கொழும்புக் கொம்பனிகள் காசு பிடுங்குகிற வழி. வந்து ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டுப் போவான், அடுத்த நாளே பொடியன் போர்க்லிப்டால் இடிப்பான். ஸ்ரிக்கர் இடியைத் தடுக்குமா?

பனிநாட்டுத் தமிழன்:

ஐயா, ஸ்ரிக்கர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் கிழமைப் பார்வையை முதலில் சொன்னேன், வருடத்துக்கு வருகிற ஆள் அதற்குப் பிறகுதான். ஆனால் பனஞ்சலாகைத் தட்டுக்கு ஆள் உயரம், ஏற்றினது தோளில். இது 5, 6 மீற்றர், ஏற்றுவது இயந்திரம். ஒரு கால் மடிந்தால் பீம் பக்கத்துக் காலையும் இழுத்துக்கொண்டு போகும். 2016 மே மாதம் இங்கே ஷ்ரொப்ஷயரில் ஹின்ஸ்டொக் என்ற ஊரில் ஒரு சீஸ் களஞ்சியம் அப்படி வரிசையாகச் சரிந்தது, போர்க்லிப்ட் சாரதி எட்டு மணித்தியாலத்துக்கு மேல் சீஸுக்கு அடியில் கிடந்தார். உயிரோடு எடுத்தார்கள், அது அவருடைய அதிர்ஷ்டம்.

கறள் எதிரி:

பொறியியல் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். வெல்டிங் வேண்டாம். தகட்டைக் குளிர்நிலையில் மடிக்கும்போது கிடைத்த பலம் சூட்டில் குறைந்துவிடும், தகடு வைத்து ஒட்டினால் வெளியில் தடிப்பாகத் தெரியும், உள்ளே என்ன ஆனது என்று ஒருவராலும் சொல்ல ஏலாது. சம்மட்டியால் நிமிர்த்துவதும் அதே கதைதான். காலை மாற்ற வேண்டும், அதுவும் அதே கொம்பனியின் அதே அளவுக் கால்.

பழைய றாக்கை என்பதால் இன்னும் சில கேள்விகள். எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதிய பலகை கூட வந்ததா? பூட்டும்போது உங்கள் பலட் உயரத்துக்காகக் கீழ் பீமை உயர்த்தினீர்களா? இதை ஒருவரும் யோசிப்பதில்லை. காலின் பிடிமானமில்லாத நீளம் கூடக்கூட அது நெளிகிற சுமை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறைகிறது. 1.2 மீற்றரில் இருந்த பீமை 1.8க்கு ஏற்றினால் தாங்குதிறன், வெறும் தியரிப்படி, பாதிக்கும் கீழே. நிஜத்தில் அவ்வளவு விழாது, ஆனாலும் பழைய பலகையில் உள்ள எண் செல்லாது.

பிறகு எங்கள் ஊர்ப் பிரச்சினை, கறள். மாரி மழைக்கு ஸ்டோருக்குள் வெள்ளம் ஏறியிருந்தால் அடித்தகட்டையும் நிலத்தில் இறுக்கின போல்ற்றையும் சுரண்டிப் பாருங்கள், பெயின்ற் வடிவாக இருக்கும், உள்ளே உதிரும். உப்பு மூட்டையும் உரமும் கீழ் மட்டத்தில் காலோடு ஒட்டி நின்றால் இன்னும் கெதியாக அரிக்கும்.

யாரிடம் காட்டுவது என்றால், முதலில் அந்த றாக்கை செய்த கொம்பனியின் முகவர் கொழும்பில் இருக்கிறாரா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் உருக்குக் கட்டமைப்புத் தெரிந்த பட்டயப் பொறியியலாளர் ஒருவர். யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, அங்கே விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், வேலை நேரத்தில் பொடியளுக்கு ஏதும் நடந்தால் 1934ஆம் ஆண்டிலிருந்தே நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

கோண்டாவில் கடைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் இறக்கியாயிற்று. மேசனின் மட்டப்பலகையை வைத்து அளந்தேன், முன்பின் வாக்கில் 7 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றும் இல்லாத மாதிரித்தான் இருந்தது. பீம் கழராமல் இருக்கப் போடுகிற லொக் பின் சில இடத்தில் இல்லை, அதற்குப் பதில் கம்பி ஆணியை வளைத்து விட்டிருக்கிறார்கள். கீழ் பீமைப் பற்றி அப்பாவுக்கும் சரியாக நினைவில்லை. இப்போது அவர் கேட்பது, பாரம் இல்லாத சாமான், பிஸ்கற் பெட்டி மாதிரி வைக்கலாமா என்று.

பனிநாட்டுத் தமிழன்:

7 என்றால் சிவப்பு, எல்லை 3தானே. பிஸ்கற்றும் வேண்டாம். இன்றைக்குப் பிஸ்கற் வைத்தால் சித்திரை வருடப்பிறப்புக்கு லொறி வரும்போது அதில் சீனி ஏறும். அந்தக் காலுக்கு இரண்டு பக்கத்துப் பீம்களையும் கழற்றி வைத்துவிடுங்கள், பீம் இல்லாவிட்டால் ஒருவரும் ஏற்ற மாட்டார்கள். ஆணி எல்லாவற்றையும் எடுத்து அந்த றாக்கைக்குரிய பின்னையே போடுங்கள், போர்க்லிப்டின் முள் பலட்டை எடுக்கும்போது பீமில் மாட்டி மேலே தூக்கினால் ஆணி நிற்காது.

கறள் எதிரி:

கால் மாற்றும்போது முனைக் கால்களுக்கும் திருப்பத்தில் உள்ள முன்கால்களுக்கும் காவல் போடுங்கள், குறைந்தது 400 மில்லிமீற்றர் உயரம். நிலத்தில் இறுக்குகிற வகை நல்லது, காலுக்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், முட்டிக்கொண்டு நின்றால் இடி நேராகக் காலுக்கே போகும். கொங்கிறீற் தரை எவ்வளவு தடிப்பு என்று ஒரு மூலையில் துளைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், போல்ற் அளவு அதைப் பொறுத்துத்தான் சொல்லலாம்.