மேட்டில் மட்டும் எரியும் எஞ்சின் விளக்கு: மலிவு புளூடூத் ரீடரோடு எங்கள் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறும்போதுதான் என் காரின் டாஷ்போர்டிலுள்ள எஞ்சின் எச்சரிக்கை விளக்கு முதன்முதலில் எரிந்தது. நகரிலுள்ள கராஜ் ஒன்றில் ஸ்கேன் செய்தபோது பி0171 என்ற குறியீடு வந்தது. எரிபொருளுக்குரிய அளவைவிடக் காற்று கூடிவிட்டது என்பதே அதன் பொருள். உடனே ஒக்சிசன் சென்சரை மாற்றினார்கள். பணமும் போனது, சில நாட்களில் விளக்கும் திரும்ப எரிந்தது. அந்தச் சென்சரின் வேலையே காற்று கூடியிருப்பதைக் கண்டு சொல்வது. அது சரியாகச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் குறியீடு வந்தது என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

அதன் பிறகுதான் காரின் கணினி பதியும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஈஎல்எம் 327 வகை புளூடூத் ரீடர் ஒன்றை வாங்கினேன். தீப்பெட்டி அளவுள்ள பொருள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் செருகி, ஃபோனில் செயலியைத் திறந்தால், குறியீடுகளோடு எஞ்சின் அந்த நொடியில் என்ன செய்கிறது என்பதையும் காட்டுகிறது. எனக்கு விடை கிடைத்தது அந்த இரண்டாவது பகுதியில்தான். காரின் கணினி தானாகக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் பெற்றோலின் அளவை ஃபியூவல் ட்ரிம் என்கிறார்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது அந்தக் கூட்டல் 20 வீதத்துக்கு அருகில் நின்றது. நிறுத்திவைத்தபடியே நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியபோது 4, 5 வீதத்துக்கு இறங்கியது. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சர் உள்ள எஞ்சினில் இந்தக் கோலம் தெரிந்தால், அளக்கப்படாத காற்று எங்கோ ஒரு ஓட்டை வழியாக உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். சும்மா ஓடும்போது எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் ஓட்டையின் பங்கு பெரிதாகிறது. சுற்று கூடும்போது அதே ஓட்டை அற்பமாகிவிடுகிறது. இதற்கு மாறாக, மேடு ஏறும்போது ட்ரிம் கூடிக்கொண்டே போயிருந்தால் பெற்றோல் பம்பையோ ஃபில்டரையோ பார்த்திருப்பேன்.

எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் இந்த எண்களைக் காட்டினேன். அவர் காற்று உள்ளே போகும் பாதையின் பின்புறம் கையை விட்டு, எஞ்சினின் ஆவியை உறிஞ்சும் சிறு ரப்பர் குழாயை விரலால் வளைத்தார். மேலிருந்து பார்த்தால் புதிது போலிருந்த குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. சென்சருக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் குழாயின் விலை ஒன்றுமே இல்லை.

நுவரெலியாவிலிருந்து:

ஹட்டன் நண்பர் எழுதியதோடு மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சேர்க்கிறேன். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 81 அளவில்தான் இருக்கும். ஹட்டனில் 87 இருக்கலாம். என் காரில் இழுவை குறைந்துவிட்டதென்று கொழும்பில் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபோது, சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமலே, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சரின் அளவைப் பார்த்தார். 81 என்று வந்ததும், சென்சர் பழுது, மாற்ற வேண்டும் என்றார். எஞ்சின் ஓடாத நிலையில் அந்தச் சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தானே காட்ட வேண்டும்? 101 காட்டியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். டர்போ இல்லாத எந்த எஞ்சினும் இங்கே தன் வலுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழக்கத்தான் செய்யும். காற்றே குறைவாக இருக்கும்போது சென்சரை மாற்றி என்ன பயன்? என் காரில் வேறு குறை எதுவும் இருக்கவில்லை. கம்பளைக்கு இறங்கியதும் இழுவையும் திரும்பிவிட்டது.

பண்டாரவளையிலிருந்து:

எனக்கு நேர்ந்தது ஹப்புத்தளை ஏற்றத்தில், நல்ல மழையில். வேன் உதறத் தொடங்கியது. எஞ்சின் விளக்கும் விட்டுவிட்டு மின்னியது. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகக் கராஜுக்குப் போகலாம், ஆனால் மின்னினால் வண்டியை ஓரங்கட்டுவதே நல்லது. எரியாத பெற்றோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். ரீடரில் பி0303 வந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. பொறி தரும் பிளக்கா, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலா, பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று சொல்வதில்லை. எஞ்சின் ஆறிய பின் மூன்றாவது கொயிலைக் கழற்றி முதலாவதின் இடத்திலும், முதலாவதை மூன்றாவதின் இடத்திலும் பொருத்தினோம். குறியீட்டை அழித்துவிட்டு மறுபடியும் மேடு ஏறியபோது பி0301 வந்தது. பழுது கொயிலோடு சேர்ந்து இடம்மாறியதால் கொயில்தான் என்பது உறுதியாயிற்று. சமதரையில் நிறுத்திவைத்துப் பார்த்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது, ஏனெனில் பலவீனமான கொயில் பாரம் ஏறும்போதுதான் கைவிடும். ஓடும்போது ஃபோனைப் பார்க்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நம் வளைவுகளில் அது விளையாட்டல்ல.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. சாதாரண புளூடூத் ரீடர்கள் ஐஃபோனோடு இணைவதில்லை. அதற்கு வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ வகை வேண்டும். சந்தையில் 1.5 பதிப்பு என்று விற்கப்படுபவை அனைத்தும் நகல்களே, அந்த எண்ணில் மூல நிறுவனம் எதையும் வெளியிட்டதே இல்லை. ஆயினும் அவற்றில் பல நன்றாகவே வேலை செய்கின்றன. பழைய ஜப்பானிய வேன்கள் சிலவற்றில் அதே 16 முனைச் சாக்கெட் இருந்தும் ரீடரோடு பேசாது, ஏனெனில் வண்டியின் கணினியோடு பேசுவதற்கான பொதுவான ஓபிடி 2 முறையை அவை பின்பற்றுவதில்லை. கடைக்காரர் சம்மதித்தால் உங்கள் வண்டியில் செருகிப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

கம்பளையிலிருந்து:

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் அனுமதி கிடைக்கும்வரை, பழைய வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் என் மைத்துனருக்காகக் கார் பார்க்கப் போனபோது இந்த ரீடர் கைகொடுத்தது. விற்பவர், எஞ்சின் விளக்கே எரிவதில்லை, பாருங்கள் என்றார், எரியவும் இல்லை. ஆனால் செயலியில், குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் 6 கிலோமீற்றர் என்று வந்தது. கணினி தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும் பரிசோதனைகளில் பெரும்பாலானவை முடியாத நிலையில் நின்றன. பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் சில கார்களில் இப்படி வரலாம் என்பதால் நாங்கள் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை. இரண்டு நாள் ஓடட்டும், மறுபடியும் வந்து பார்க்கிறோம் என்றோம். அதற்கு அவர் சம்மதிக்காததால் திரும்பிவிட்டோம்.

அழித்தால் தடயம் போய்விடும் என்பதால்தான் கராஜுக்குப் போகுமுன் குறியீட்டை அழிக்க வேண்டாம் என்று கேட்கிறேன். விளக்கு எரிந்த கணத்தின் வேகம், வெப்பம், பாரம் ஆகியவற்றைக் கணினி ஒரு படமாகப் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனிலிருந்து:

ரீடரைச் செருகியபடியே விடலாமா என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். அந்தச் சாக்கெட்டில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும். தினமும் ஓடும் வண்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை; வாரக்கணக்கில் நிற்கும் வண்டியானால் கழற்றிவிடுங்கள்.