ஆண்டவர் விடுவிப்பார் என்று இவர்களிடம் எப்படிப் பேசுவது?

அன்பியச் சொந்தங்களுக்கு வணக்கம். நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. வரும் ஞாயிறு எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழு) பேசுவது என் முறை. தலைப்பு: அச்சத்திலும் எதிர்ப்பிலும் ஆண்டவர் தரும் விடுதலை. பங்குத்தந்தை கொடுத்தது, மறுக்க முடியவில்லை.

திருப்பாடல் 56-ஐ எடுத்திருக்கிறேன். காத்து நகரில் பெலிஸ்தியர் கையில் சிக்கிய தாவீதின் பாடல் என்று அதன் முகப்பிலேயே இருக்கிறது. பயமே இல்லை என்று அவர் வீரம் பேசவில்லை. பயம் வரும் நாளில் உம்மை நம்புவேன் என்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். தாவீது தப்பினார். நம் நட்டாலத்து தேவசகாயம் தப்பவில்லையே! 1745-இல் திருமுழுக்கு பெற்றுக் கிறிஸ்தவரானார், பிறகு விசுவாசத்துக்காகச் சிறை, சித்திரவதை, 1752-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022-இல் புனிதராகிவிட்டார் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் என் எதிரே உட்காரப் போகிறவர்களில் 2017 ஒக்கிப் புயலில் கணவரை இழந்த அக்காமார் உண்டு. அவர்களும் கரையில் நின்று ஜெபமாலை சொன்னவர்கள்தாம்.

தானியேல் 3:18-இல், தீச்சூளையிலிருந்து கடவுள் காப்பாற்றாவிட்டாலும் அரசன் நிறுத்திய சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்களே மூன்று இளைஞர்கள், அங்கிருந்து தொடங்கலாமா? மறைக்கல்வி ஆசிரியர்களும், இப்படி இழந்து நின்றவர்களும் சொல்லுங்கள்: எது ஆறுதலாக இருந்தது, எது குத்தியது? ‘எல்லாம் நன்மைக்கே’ வகை மட்டும் வேண்டாம். சனிக்கிழமை மாலைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.