கொட்டான்ல லைட்டு பண்ணி விக்கணும், கம்மி செலவுல எப்படி?

கானாடுகாத்தான் பொண்ணு:
பனை ஓலை கொட்டான (நம்ம செட்டிநாட்டுக் கூடை) கவுத்துப் போட்டு உள்ள லைட்டு வச்சு சின்ன மேசை விளக்கு மாதிரி பண்ணலாம்னு இருக்கேன், ஆனா கண்காட்சி ஸ்டால்ல 250 ரூபாய்க்கு மேல சொன்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறாங்க, கொட்டானுக்கே பாதி போயிடுது. உள்ள என்ன போடலாம்? சீரோ வாட்ஸ் பல்பு போதுமா?

பள்ளத்தூரான்:
ஓலைக்குள்ள குண்டு பல்பு மட்டும் வேணாம்மா, சூட்டுல காஞ்ச ஓலை, என்ன ஆகும்னு சொல்லவா வேணும். எல்இடிதான். செம்புக் கம்பியில வர்ற சீரியல் லைட்டு பேட்டரி டப்பாவோடயே வரும், மொத்தமா வாங்குனா விலை நல்லா இறங்கும். வார்ம் ஒயிட்னு, மஞ்சள் கலந்த வெளிச்சமா கேட்டு வாங்குங்க, பளீர் வெள்ளையில ஓலை செத்துப்போன மாதிரி தெரியும்.

தேவகோட்டை மணி:
பேட்டரி தீந்ததும் தூக்கிப் போட்ருவாங்க அண்ணே. யூஎஸ்பி வயர் வச்சுக் குடுத்தா போன் சார்ஜர்லயே எரியும். வெள்ளை எல்இடிக்கு சுமார் 3 வோல்ட், சார்ஜர் 5 வோல்ட், நடுவுல கரண்ட்ட மட்டுப்படுத்துற 100 ஓம் ரெசிஸ்டர் போட்டா 20 மில்லிஆம்ப் போகும், போதும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர், அதுல போய் மிச்சம் புடிக்காதீங்க.

ஆச்சி வீட்டு மாப்ள:
நெருக்கமா முடைஞ்ச கொட்டான் வெளிச்சத்த விடாது, இடைவெளி விட்டு முடையச் சொல்லுங்க, ஓலையும் கம்மியாகும். அடியில தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லு உடைஞ்ச துண்டு வைங்க, ஓரத்த தேச்சுட்டு. வெயிட்டுக்கு வெயிட்டும் ஆச்சு, பாத்தா நம்ம ஊருன்னும் தெரியும்.

கானாடுகாத்தான் பொண்ணு:
கல்லு ஐடியா சூப்பர் அண்ணே, ஆனா பஸ்ஸுல தூக்கிட்டுப் போறது நான்தானே :)