துணி போகாத இடத்தில் செம்மண்

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் முப்பத்தொரு வருஷம் கார் ஓட்டினார். 1968-ல் அந்த வீட்டுக்கு வந்த வண்டி ஒரு அம்பாசிடர் மார்க் 2, வெண்ணெய் நிறம். 1994-ல் விற்றுவிட்டார்கள். வீட்டு வாசலில் வண்டி நிற்க, பக்கத்தில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். அந்த வண்டியை 1:24 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்காக, செய்ய வேண்டும் என்பது, மாடல் கார் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு இருந்த ஆசை. ஒன்றரை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வேலையில் எனக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர்கூட மாடல் செய்கிறவர் இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயின்டர் அண்ணன். காரைக்குடியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் முப்பது வருஷமாக கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நான் முதன்முதலில் வாங்கியது டாமியா கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களாக வரும் மாடல். ஜப்பானில் ஷிஸுவோக்காவில் இருக்கும் கம்பெனி அது; மரம் அறுக்கும் தொழிலில் ஆரம்பித்து, 1960-ல்தான் பிளாஸ்டிக் மாடலுக்கு வந்தார்கள். பாகங்களை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பாடியை ஒழுங்காகத்தான் தயார் செய்திருந்தேன். மாடலுக்கென்று விற்கும் பெயின்ட் இங்கே கடையில் கிடைக்காது. கார் பெயின்ட் கடையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டும் தின்னரும் வாங்கிக் கலக்கி அடித்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பானெட் முழுக்கக் கோடை காலத்துக் கண்மாய்போல வெடித்துவிட்டது.

அதைத்தான் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னுருச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான் விஷயம். கிட் பாடி பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். என்.சி. தின்னரில் இருக்கும் கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். பிளாஸ்டிக்கை ஒட்டும் சிமென்ட் வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. மூடி வைத்த பாட்டிலில் வரும்போது அது பசை, தின்னர் டப்பாவில் வரும்போது எமன்.

அன்றைக்கு அவர் ஒரு மணி நேரம் எனக்காக ஒதுக்கினார். மழைக்காலம், பட்டறையில் வேலை குறைவு. "எடுத்த எடுப்புல ஈரமா அடிக்கக் கூடாது. மொதக் கோட்டு பனி விழுந்த மாதிரி இருக்கணும். அது காயட்டும். மறுபடி ஒரு பனி. மூணாவதுலதான் மினுக்கம்" என்று செய்து காட்டினார். ஸ்பிரே துப்பாக்கியை வண்டிக்கு வெளியிலேயே அமுக்கி, வண்டியைக் கடந்து போன பிறகுதான் விட வேண்டும். நடுவில் கை நின்றால் அங்கே வழியும். இதெல்லாம் காணொளிகளில் பார்த்ததுதான். ஆனால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தியபோதுதான் கைக்குப் புரிந்தது.

அப்புறம் இன்னொன்று. "ஐப்பசி, கார்த்திகைல மழை வர்ற மாதிரி இருந்தா பெயின்ட் டப்பாவையே தொறக்காதே. வெளுத்துரும்." தின்னர் ஆவியாகும்போது பெயின்டின் மேல்பக்கம் சில்லென்று ஆகிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பால்போலப் பூத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் எதிர்ப்பிரச்சினை. துளி பாடியைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். இங்கே எனக்குச் சரிப்பட்டு வருவது மாசி, பங்குனியில் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. அம்பாசிடர் பாடிக்கு ப்ரைமர் தொட்டுக் கடைசி மினுக்கம் வரை எல்லாமே அந்த நேரத்தில் அடித்ததுதான். கோட்டு மெலிசாக இருக்க வேண்டியது இன்னொரு காரணத்துக்காகவும்: 1:24-ல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் ஏறினால், நிஜ வண்டியில் 2.4 மில்லிமீட்டர் ஏறிய கணக்கு. கதவு இடுக்கெல்லாம் தூர்ந்துபோகும்.

சரி, பாடிக்கு வருகிறேன். எனக்கு வேண்டிய மார்க் 2-க்கு கிட் கிடைக்கவில்லை. அளவை வைத்து நானே செய்ய வேண்டியதாயிற்று. அம்பாசிடரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2464 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் 102.7. மொத்த நீளம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் வரும். அந்த அளவுக்கு ஒரு மர அச்சு செய்து, ஸ்டைரீன் தகட்டை அடுப்பில் காட்டி இளக்கி, அச்சின்மேல் இழுத்து எடுப்பதாகத் திட்டம். அச்சுக்கு மரம் கேட்டு ஓர் ஆசாரியிடம் போனேன். பள்ளத்தூர்ப் பக்கம் இடித்த ஒரு வீட்டின் பர்மா தேக்கில் மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "இது காயவேண்டியதெல்லாம் எப்பவோ காஞ்சிருச்சு. இனி நெளியாது" என்றார். உண்மைதான். சூடான தகட்டை இருபது முறைக்கு மேல் அதன்மேல் இழுத்திருக்கிறேன். அச்சு அரை மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அந்தத் துண்டு எந்த வீட்டு நிலையிலோ உத்தரத்திலோ இருந்தது என்ற நினைப்பு, செதுக்கும்போதெல்லாம் எனக்கு வந்துகொண்டே இருந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழம்பொருள் வாங்க வெளியூர்க்காரர்கள் வரும் தெரு அது. எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, சாமி படம் எல்லாம் குவிந்திருக்கும். ஒரு கடையில் பித்தளைச் சாமான்களுக்கு நடுவே ஒரு சின்ன கார் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் அடித்தட்டில் டிங்கி டாய்ஸ், மேட் இன் இங்கிலாந்து என்று எழுத்து. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்து காரின் பொம்மை. லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1950-களில் வார்த்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் சீரிஸ் எம்.ஓ. என்பது 1948-ல் வந்தது; அதற்குப் பின்னால் வந்த மூன்றாவது சீரிஸைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவில் அம்பாசிடர் என்று செய்தார்கள். கையில் இருந்தது அந்த எம்.ஓ. நான் செய்துகொண்டிருந்த வண்டிக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ரங்கூன்லேர்ந்தோ மலாயாலேர்ந்தோ யாராவது புள்ளைகளுக்குக் கொண்டாந்திருப்பாக" என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்த நண்பன் பெயின்டை உரித்துவிட்டுப் புதிதாக அடிக்கச் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. கூரையின் நடுவில் மட்டும் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறது. ஒரு பிள்ளை உள்ளங்கையை வைத்து அழுத்தித் தரையில் ஓட்டிய இடம் அது. என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், தேய்மானம் அதில் பாதிகூட இல்லை. ஐந்தாறு வயதுக் கை. இன்றைய ஹாட் வீல்ஸ் காரை ரிவிட்டைத் துளைத்துப் பிரித்து, பெயின்ட் உரித்து, ரப்பர் சக்கரம் மாட்டி எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நானும் நிறையச் செய்திருக்கிறேன். ஒரு குழந்தை தேய்த்ததை மட்டும் உரிக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அந்த டிங்கி இப்போது என் மேசையில் அப்படியே இருக்கிறது.

பம்பர் விஷயத்தில் உதவியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இங்கே யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து 1953-ல் திறந்ததிலிருந்து காரைக்குடிக்கு அது வெறும் சிக்ரிதான். அலுமினிய ஃபாயில் ஒட்டிச் செய்த என் பம்பரைப் பார்த்துவிட்டு, "பளபளப்பு இருக்கு, ஆனா குரோம் இல்லையே" என்றார். நிஜ பம்பரில் பளபளப்பைக் கொடுப்பது அடியில் இருக்கும் நிக்கலாம். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான பூச்சு, ஆனால் குரோமுக்கே உரிய நிறத்தால் லேசாக நீலம் தட்டும். அலுமினியம் வெள்ளையாக இருக்கும். கிட்டில் குரோம் பூசி வரும் பாகங்களும் வெற்றிடத்தில் அலுமினிய ஆவி படியவைத்தவைதான். அன்று இரவே நீல மசியை ஒரு துளி எடுத்து, நிறைய நிறமற்ற வார்னிஷில் கலந்து, ஃபாயிலின்மேல் ஒரு கோட்டு பூசினேன். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பழைய பம்பரை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் கண் அங்கே நிற்கும்.

கடைசியாக அப்பா. அவருக்கு இப்போது எண்பது. முழுசாகக் கூட்டிய பிறகு காட்டலாம் என்று மறைத்து வைத்திருந்தேன். காட்டிய அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கியர் ராடு ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கிறதா, முன் சீட்டு ஒரே பெஞ்சாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது. பிறகு, "பின்னாடி என்னப்பா தூக்கிக்கிட்டு நிக்குது?" என்றார். நான் நிறுவனத்தின் அளவுப்படிதான் உயரம் வைத்திருந்தேன். "அது ஷோரூம் வண்டி. நம்ம வண்டில பின்னாடி எப்பவும் நாலு பேரு, டிக்கில சாமான். ஸ்பிரிங்கு உட்கார்ந்துதான் இருக்கும். ஆளு இறங்கினாலும் ஏறாது" என்றார். எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினார். ஸ்கேலை வைத்தேன். நாலு சென்டிமீட்டர். மாடலில் 1.7 மில்லிமீட்டர். பின் அச்சின்மேல் உள்ள தாங்கியை அந்த அளவுக்குத் தேய்த்து இறக்கினேன். படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதுவரை அது ஓர் அம்பாசிடர். அப்போதுதான் அது அந்த வண்டி ஆயிற்று.

மாடலை நிறுத்தி வைக்கும் அடித்தளமாக ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டுப் பூப்போட்ட சிமென்ட் டைல், பதித்த தரை செய்யலாம் என்றிருந்தேன். 8 அங்குலக் கல்லுக்கு எட்டரை மில்லிமீட்டர் கட்டம் போட்டு அச்சடித்தும் வைத்திருந்தேன். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். வண்டி நின்றது வேப்பமரத்தடிச் செம்மண்ணில்.

அந்தச் செம்மண்தான் எனக்கு அதிக வேலை வைத்தது. கானாடுகாத்தான் ரோட்டோரத்திலிருந்தே மண் எடுத்து வந்தேன். அப்படியே தூவினால் மணல்மணலாகத் தெரியும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள துகள், 1:24-ல் பொடிக்கல். அதனால் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி வற்றவைத்தேன். அடியில் படிந்தது முகப்பவுடர்போல இருந்தது. மெல்லிய தூரிகையால் மூன்று நாள் உட்கார்ந்து வண்டி முழுக்க ஏற்றினேன். வார்னிஷ் அடித்து நிலைநிறுத்துவதற்கு முன் ஓர் இரவு மேசையில் வைத்திருந்தேன்.

காலையில் எழுந்து வந்தால் அப்பா மேசை முன் உட்கார்ந்திருக்கிறார். தோள் துண்டின் நுனியை விரலில் சுற்றி, வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பானெட், கூரை, கதவு எல்லாம் துடைத்தாயிற்று. முப்பத்தொரு வருஷம் விடிந்ததும் செய்த வேலை. அந்தக் கைக்கு வேறென்ன தெரியும்? "மண்ணோட நிறுத்தினா செட்டியார் வையிவாக" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் வேலை போயிற்றே என்றுதான் முதலில் வண்டியைக் குனிந்து பார்த்தேன். பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிரில் கட்டங்களின் மூலையில் மண் இருக்கிறது. வைப்பர் அடியில் இருக்கிறது. கண்ணாடி ரப்பரின் ஓரத்தில், கைப்பிடிக்குப் பின்னால், சக்கர மூடியின் விளிம்பில், பின் பம்பருக்கு உள்ளே. துணி போகாத இடத்தில் மட்டும் செம்மண். டிரைவர் வைத்துப் பராமரித்த வீட்டு வண்டி அப்படித்தான் இருந்திருக்கும். என் தூரிகையால் அதைக் கற்பனை செய்திருக்க முடியாது. அன்றைக்கே மங்கல் வார்னிஷை இடுக்குகளில் மட்டும் விட்டு அதை அப்படியே நிறுத்திவிட்டேன்.

போன மாதம் அந்த வீட்டு ஆச்சி சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். அப்பாவும் நானும் போய் வண்டியைப் பட்டாலையில் வைத்துக் காட்டினோம். ஆச்சி தரையில் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்கள். "எல்லாம் சரியா இருக்கு. பின் கண்ணாடிக்குத் திரை எங்க டிரைவரு?" என்றார்கள்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ ஆச்சி. தெனம் மிர்ரர்ல பாத்த திரை. எப்படி மறந்தேன்?"

பச்சைத் திரை. ஆச்சியே தைத்தது. எட்டுக் கொசுவம், மேலே ஒரு ஸ்பிரிங் கம்பி. துணியில் செய்தால் சரிவராது. மெல்லிய நூலே இந்த அளவில் கயிறு மொத்தத்துக்குத் தெரியும். டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகால் கரைத்த தண்ணீரில் நனைத்து, ஊசிகளுக்கு நடுவே மடித்துக் காயவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையை உள்ளே மாட்டக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். நல்லவேளை, அதை ஃபெவிகாலில்தான் ஒட்டியிருந்தேன். ஃபெவிக்விக் என்றால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், கழற்றவும் முடியாது. ஃபெவிகால் ஈரப் பஞ்சை வைத்தால் அரைமணியில் விட்டுவிடும். நாலு திரை செய்தாயிற்று. ஒன்றிலும் ஆறாவது கொசுவம் ஒழுங்காக விழவில்லை. தை மாதம் ஆச்சி மறுபடி வருகிறார்கள். அப்பா தினமும் சாயங்காலம் ஒருமுறை மேசைப் பக்கம் வந்து, திரை காய்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.