பி.எட். இல்லாமல் தாய்லாந்தில் ஆசிரியர் வேலை கிடைக்குமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, திருச்சியில் ஒரு தனிப்பயிற்சி மையத்தில் கற்பித்து வருகிறேன். பி.எட். இல்லாத நான் பாங்காக்கின் பன்னாட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில் 1: விண்ணப்பிக்கலாம், ஐயா. கல்வியியல் அல்லாத பட்டம் பெற்றவருக்கும், பள்ளியின் வழியாக விண்ணப்பித்தால், குருசபா எனப்படும் தாய்லாந்து ஆசிரியர் மன்றம் 2 ஆண்டுகளுக்குத் தற்காலிக அனுமதி வழங்குவதுண்டு. எனினும், பிரித்தானியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பெரிய பள்ளிகள் பெரும்பாலும் முழுத் தகுதி உடையவர்களையே தேடுவதால், இருமொழிப் பள்ளிகளையும் அரசுப் பள்ளிகளின் ஆங்கிலவழிப் பிரிவுகளையும் முதலில் அணுகுவதே நல்லது என்பது என் கருத்து.

பதில் 2: பிஜிசிஇஐ எனப்படும் பன்னாட்டு முதுநிலைக் கல்வியியல் சான்றிதழ்ப் படிப்பை இணையவழியில் படித்தால் போதும் என்று கூறும் முகவர்களை நம்ப வேண்டாம், அச்சான்றிதழ் மட்டுமே க்யூடிஎஸ் எனப்படும் இங்கிலாந்தின் முறையான பள்ளி ஆசிரியர் தகுதியைத் தந்துவிடாது.

பதில் 3: சுற்றுலா விசாவில் வந்து வகுப்பெடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நான்-பி (Non-B) எனப்படும், வேலைக்கு வருவோருக்கான விசாவும் வேலை அனுமதியும் இன்றிக் கற்பிப்பது அங்கே சட்டவிரோதம்.