எல்எஸ்3/5ஏ: இடது பெட்டியில் உச்ச ஒலி மங்குகிறது

பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஒலிபெருக்கிப் பெட்டி ஜோடி, பழைய 15 ஓம் வகை. மூன்று மாதங்களாக இடது பெட்டியில் உச்ச ஒலி மங்கிவருகிறது. பாடுபவரின் குரல் நிறைவாகவே கேட்கிறது. ‘ஸ’ என்ற ஒலியின் கூர்மைதான் காணாமல்போய்விட்டது. குரலுக்காகவே நான் போற்றும் பெட்டி இது.

ஆம்பிளிஃபயரை மாற்றிப் பார்த்தேன், வயர்களையும் இடம் மாற்றினேன். பலனில்லை. உச்ச ஒலியைத் தரும் சிறிய ஸ்பீக்கரான டுவீட்டரைச் சுற்றியுள்ள ஃபெல்ட் (கம்பளித்துணி) பட்டைகளைக் கிழியாமல் எடுத்து, இரண்டு டுவீட்டர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். அப்போதும் இடதுதான் மங்கல். ஆக, குறை கிராஸ்ஓவரில், அதாவது உச்ச ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்றில். பின்பலகையைக் கழற்றினால் சாலிடரில் வெடிப்பில்லை, கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை. டுவீட்டரின் ஒலி அளவைத் தீர்மானிக்கும் சுருளின் இணைப்பை மட்டும் நான் தொடவில்லை.

இடது பெட்டியின் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றினால் போதுமா, இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?